தராசும் பிரிண்டரும் கணினியில் பிடிபடாதபோது: சாதனப் பட்டியல் ஃபங்ஷன்கள் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

ஈரோட்டு மஞ்சள் குடோன், திருப்பூர் பேக்கிங் செக்‌ஷன், சங்ககிரி எடைமேடை, பொள்ளாச்சி கொப்பரைக் களம் என்று எங்கே போனாலும் நாங்கள் எழுதித் தரும் மென்பொருளுக்கு முதல் வேலை ஒன்றுதான். இந்தக் கணினியில் என்னென்ன மாட்டியிருக்கிறது, அதில் நம்முடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான ஃபங்ஷன்கள் விண்டோஸிலும் லினக்ஸிலும் தாராளமாக இருக்கின்றன. அவற்றுக்கான விளக்கம்தான் அரைகுறை. வேலைக்குப் புதிதாகச் சேரும் தம்பிகளும், எங்கள் மென்பொருளை ஓட்டும் கடைக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை நாங்கள் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஒரே வேலைக்கு இத்தனை ஃபங்ஷன் ஏனுங்ணா? எதைத் தொடுவது?

விண்டோஸில் பழையதைக் கழற்றிப் போடும் பழக்கம் குறைவு. மேலே மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தராசு, ஸ்கேனர் போன்றவை பேசும் சீரியல் போர்ட்டை (விண்டோஸ் அதற்கு காம்1, காம்2 என்று பெயர் வைக்கும்) மட்டும் எடுத்துக்கொண்டாலே பல வழி. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹார்ட்வேர், டிவைஸ்மேப், சீரியல்காம் என்று போகும் கிளையைப் படிக்கலாம். டாட்நெட்டில் இருக்கும் கெட்-போர்ட்-நேம்ஸ் உள்ளுக்குள் அதைத்தான் படிக்கிறது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் கெட்-காம்-போர்ட்ஸ் என்று ஒன்று வந்தது. அது போர்ட் எண்களை மட்டும் தரும், வேறு எதுவும் சொல்லாது. கணினியின் விவரங்களைக் கேட்க விண்டோஸ் தரும் டபிள்யூஎம்ஐ வழியாக வின்32-சீரியல்-போர்ட் என்று கேட்கலாம், ஆனால் சீரியல் கேபிளை யூஎஸ்பி ஓட்டையில் மாட்ட உதவும் யூஎஸ்பி கன்வெர்ட்டர்கள் பல அதில் வராது. மெதுவாகவும் இருக்கும். கடைசியில், சாதனங்களை நிறுவவும் பட்டியலிடவும் விண்டோஸ் தரும் ஃபங்ஷன் தொகுப்பான செட்டப்-ஏபிஐயும் (அதன் ஃபங்ஷன்கள் செட்டப்-டிஐ என்று தொடங்கும்) அதன் கீழே இருக்கும் கான்ஃபிக் மேனேஜரும் (சிஎம் என்று தொடங்கும்).

திரையில் ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு, எது என்று பயன்படுத்துபவரே தேர்ந்தெடுப்பார் என்றால் ரெஜிஸ்ட்ரி போதும். 'காம்7-இல் இருப்பது தராசா, ஸ்கேனரா' என்று நிரலே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் செட்டப்-ஏபிஐ இல்லாமல் முடியாது. நடுவில் உள்ளதையெல்லாம் நான் விட்டுவிடுவேன்.

ஆவணத்தில் ஒரு பாராவும் ஒரு அட்டவணையும்தான் இருக்கிறது. அதை வைத்து எப்படிப் புரிந்துகொள்வது?

அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தால் ஒன்றும் பிடிபடாது. கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நினைவகம் யாருடையது: நான் ஒதுக்கித் தர வேண்டுமா, அது ஒதுக்கித் தருமா, யார் விடுவிப்பது? பட்டியல் முடிந்தது என்று எப்படிச் சொல்கிறது? எதையெல்லாம் 'இருக்கிறது' என்று கணக்கில் எடுக்கிறது? நான் பார்ப்பது இந்த நொடியின் நிலவரமா, கேட்ட நொடியில் எடுத்த படமா?

பட்டியல் தரும் ஃபங்ஷன் எதுவானாலும் இந்த நாலுக்கும் அதனிடம் பதில் இருந்தே தீரும். ஆனால் ஆவணத்தில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. 'ரிமார்க்ஸ்' பகுதியின் கடைசி வரியில் ஒன்று கிடக்கும். இன்னொன்று இந்த ஃபங்ஷனின் பக்கத்திலேயே இருக்காது, அதன் ஜோடி ஃபங்ஷனின் பக்கத்தில் இருக்கும். சாதனப் பட்டியலைக் கேட்கும் செட்டப்-டிஐ-கெட்-கிளாஸ்-டெவ்ஸ் என்ன தருகிறது என்பது முழுதாகப் புரிய வேண்டுமானால் செட்டப்-டிஐ-டெஸ்ட்ராய்-டிவைஸ்-இன்ஃபோ-லிஸ்ட் பக்கத்தையும் படிக்க வேண்டும். விடுவிக்க ஒரு தனி ஃபங்ஷன் இருக்கிறது என்பதே, உள்ளே ஒரு பட்டியலைக் கட்டி வைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பைத் திற. செட்டப்ஏபிஐ டாட் ஹெச் கோப்பில், வலைப்பக்கத்தில் இல்லாத குறிப்புகள் கமென்ட்டாகவே கிடக்கின்றன. சாதனங்களைக் கையாளும் டெவ்கான் என்ற கருவியின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் தன் டிரைவர் மாதிரிகளோடு பொதுவில் வைத்திருக்கிறது. இந்த ஃபங்ஷன்களை அவர்களே எந்த வரிசையில் கூப்பிடுகிறார்கள் என்று அதில் பார்க்கலாம். ஆவணம் ஒன்று சொல்லி, டெவ்கான் வேறு மாதிரி செய்தால், நான் டெவ்கான் பக்கம்தான் சாய்வேன்.

கடைசியாக, கேபிளைப் பிடுங்கிப் பார். பட்டியலைக் கோப்பில் எழுது, கேபிளை எடு, மறுபடி எழுது, இரண்டையும் ஒப்பிடு. எந்த ஆவணமும் சொல்லாததை அந்த இரண்டு கோப்பு சொல்லிவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து பிஎன்பி-யூட்டில் கட்டளையில் சாதனங்களைப் பட்டியலிடும் வசதி வந்துவிட்டது. உன் நிரலின் பட்டியலை அதோடும் ஒத்துப் பார்க்கலாம்.

1784 என்று பிழை வருகிறது. கொடுத்த பஃபர் சரிதானே?

பஃபர், அதாவது விடையை எழுத நாம் ஒதுக்கித் தரும் நினைவகம், சரியாகத்தான் இருக்கும். அதன் தலையில் எழுதிய எண் தப்பு. புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செட்டப்-டிஐ-கெட்-டிவைஸ்-இன்டர்ஃபேஸ்-டீட்டெய்ல் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு ஸ்ட்ரக்சர் தருகிறோம். அதில் முதல் நாலு பைட் சிபி-சைஸ் என்ற அளவு எண், அடுத்து சாதனத்தின் பாதை, எழுத்து எழுத்தாக. பாதை எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்பதால் அறிவிப்பில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் போட்டிருப்பார்கள். சிபி-சைஸில் எதை எழுதுவது? நாம் ஒதுக்கிய மொத்த பஃபரின் அளவை எழுதத்தான் கை போகும். கூடாது. ஸ்ட்ரக்சரின் நிலையான பகுதியின் அளவை மட்டும் எழுத வேண்டும். மொத்த அளவுக்கு வேறு ஒரு பாராமீட்டர் இருக்கிறது.

சரி, நிலையான பகுதி எவ்வளவு? 32 பிட் நிரலில் ஆன்சி (எழுத்துக்கு ஒரு பைட்) என்றால் 4-உம் 1-உம் சேர்ந்து 5. யூனிகோட் (எழுத்துக்கு இரண்டு பைட்) என்றால் 4-உம் 2-உம் சேர்ந்து 6. 64 பிட் நிரலில் இரண்டுக்குமே 8. காரணம், 32 பிட்டில் அந்த ஹெடர் ஸ்ட்ரக்சர்களை ஒரு பைட் நெருக்கத்தில் அடுக்குகிறது, 64 பிட்டில் வழக்கமான அடுக்கு, கடைசியில் காலியிடம் சேர்ந்து 8 ஆகிறது. சி-யில் எழுதினால் கம்பைலரே சைஸ்-ஆஃப் மூலம் பார்த்துக்கொள்ளும். சி-ஷார்ப்பிலோ டெல்ஃபியிலோ பைத்தானிலோ நீயே அறிவிப்பை எழுதினால் இந்த எண்ணை நீதான் பார்த்துப் போட வேண்டும்.

இதிலேயே இன்னொரு குழி உண்டு. 64 பிட்டில் சிபி-சைஸ் 8 என்பதால் பாதையும் எட்டாவது பைட்டில் தொடங்கும் என்று நினைத்து அங்கிருந்து படிப்பார்கள். பாதை அப்போதும் நாலாவது பைட்டில்தான் தொடங்குகிறது. '\\?\' என்று தொடங்க வேண்டிய பாதை '?\' என்று தொடங்கினால், முதல் இரண்டு எழுத்தை எங்கே விட்டாய் என்று இனித் தெரியும். அந்தப் பாதையைத் திறக்கப் போனால் 'கோப்பு இல்லை' என்று வரும், ஆள் டிரைவரைச் சந்தேகப்பட்டு அதை மறுபடி நிறுவிக்கொண்டிருப்பார்.

எஸ்பி-டெவ்இன்ஃபோ-டேட்டா என்ற இன்னொரு ஸ்ட்ரக்சரும் இப்படித்தான். 32 பிட்டில் 28 பைட், 64 பிட்டில் 32 பைட். கடைசியில் உள்ள 'ரிசர்வ்டு' ஒரு பாயிண்டர் அளவு எண் என்பதால் இந்த வித்தியாசம். அதைச் சாதாரண முழு எண்ணாக அறிவித்தால் பழைய 32 பிட் கணினியில் ஓடும், புதிதாக வாங்கிய கணினிக்கு 64 பிட்டில் கம்பைல் செய்து கொண்டுபோனதும் ஓடாது.

முதல் தடவை கூப்பிட்டாலே 122 என்று தோற்கிறதே?

தோற்கத்தான் வேண்டும். இடம் போதவில்லை என்பதுதான் 122-இன் பொருள். அதோடு எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் எழுதித் தரும். அந்த அளவுக்கு ஒதுக்கி மறுபடி கூப்பிட வேண்டும். முதல் அழைப்பில் 122 தவிர வேறு எது வந்தாலும் அதுதான் உண்மையான பிழை.

கான்ஃபிக் மேனேஜரில் இதையே இரண்டு தனி ஃபங்ஷனாக்கி வைத்திருக்கிறார்கள்: சிஎம்-கெட்-டிவைஸ்-இன்டர்ஃபேஸ்-லிஸ்ட்-சைஸ் அளவைச் சொல்லும், கடைசி 'சைஸ்' இல்லாத அதே பெயர் பட்டியலைத் தரும். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒரு பென்டிரைவைச் செருகினால் முதலில் சொன்ன அளவு போதாமல் போகும், சிஆர்-பஃபர்-ஸ்மால், அதாவது 26, திரும்பி வரும். ஆகவே இதை இரண்டு வரியாக எழுதாமல் லூப்பாக எழுது. இடம் போதாத வரை அளவு கேள், ஒதுக்கு, பட்டியல் கேள்.

பட்டியல் முடிந்ததா, பிழையா என்று எப்படிப் பிரித்தறிவது?

செட்டப்-டிஐ-ஈனம்-டிவைஸ்-இன்ஃபோவை 0, 1, 2 என்று எண் ஏற்றிக் கூப்பிட்டுக்கொண்டே போ. பொய் என்று திரும்பியதும், கடைசிப் பிழை எண்ணைத் தரும் கெட்-லாஸ்ட்-எரரைப் பார். 259 என்றால் பட்டியல் முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. நிறைய பேர் பொய் வந்ததுமே லூப்பை விட்டு வெளியேறிவிடுவார்கள். அப்புறம் சிபி-சைஸ் தப்பாகப் போட்டிருந்தால்கூட 'சாதனம் ஒன்றும் இல்லை' என்றுதான் திரையில் வரும். வாடிக்கையாளர் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கெட்-கிளாஸ்-டெவ்ஸ் தோற்றால் பூஜ்யம் தராது, இன்வேலிட்-ஹேண்டில்-வேல்யூ, அதாவது மைனஸ் ஒன்று தரும். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் பிழை கண்ணில் படாது. ஒரு சாதனமும் இல்லாவிட்டால் அது தோற்பதே இல்லை. காலிப் பட்டியலுக்கான நல்ல ஹேண்டிலை (பட்டியலைக் குறிக்கும் எண்) தந்துவிடும்.

கேபிளைக் கழற்றிய பிறகும் பட்டியலில் பழைய தராசு நிற்கிறது. எப்படி?

இரண்டு காரணம் இருக்கலாம். நீ வைத்திருப்பது கேட்ட நொடியில் எடுத்த பட்டியல். ஹேண்டிலை வைத்துக்கொண்டு எத்தனை முறை சுற்றினாலும் அதே ஆட்கள்தான் வருவார்கள். புதுப்பிக்க வேண்டுமென்றால் கெட்-கிளாஸ்-டெவ்ஸை மறுபடி கூப்பிட வேண்டும், பழைய ஹேண்டிலை விடுவிக்க வேண்டும்.

இல்லையென்றால் டிஐஜிசிஎஃப்-பிரசென்ட் ஃபிளாக்கை விட்டிருப்பாய். அதன் மதிப்பு 2. அது இல்லாமல் கேட்டால், இந்தக் கணினியில் எப்போதோ மாட்டி விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் எல்லாமே வரும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியுமே, அவைதான். பத்து வருடமாக ஓடும் ஒரு மில் கணினியில் அந்தப் பட்டியலைப் பார்த்தால், அங்கே வந்து போன பென்டிரைவ், போன், டாங்கிள் எல்லாவற்றின் சரித்திரமும் கிடைக்கும்! பழைய போர்ட் எண்களை ஒழித்துக்கட்ட இது உதவும். அன்றாட வேலைக்கு வேண்டாம்.

போர்ட்டுக்கு இரண்டு வெவ்வேறு ஜியூஐடி சொல்கிறார்களே?

ஜியூஐடி என்பது விண்டோஸ் ஒவ்வொரு வகைக்கும் வைக்கும் நீளமான அடையாள எண். ஒன்று நிறுவல் வகுப்புக்கானது, '4டி36ஈ978' என்று தொடங்கும். டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் வருபவை எல்லாம் அந்த வகுப்பு. மற்றது இன்டர்ஃபேஸுக்கானது, '86ஈ0டி1ஈ0' என்று தொடங்கும். 'நான் சீரியல் போர்ட்டாக நடந்துகொள்வேன், என்னை இந்தப் பாதையில் திறக்கலாம்' என்று டிரைவர் தானே பதிவு செய்வது அது. இன்டர்ஃபேஸ் ஜியூஐடியைக் கொடுத்தால் டிஐஜிசிஎஃப்-டிவைஸ்இன்டர்ஃபேஸ் ஃபிளாக்கும் வேண்டும், மதிப்பு 16. ஃபிளாக்கை மறந்தால் பிழை வராது, காலிப் பட்டியல் வரும். ஆவணத்தில் இது ஓர் ஓரத்தில் இருக்கிறது. சிவப்பு எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஏனுங்க, நேத்து வரைக்கும் காம்3-ல வந்துட்டிருந்த எடை இன்னைக்கு வரலைங்க. சாஃப்ட்வேர் போச்சுங்களா?

சாஃப்ட்வேர் அப்படியே இருக்குதுங்க. நேற்று தூசி தட்டும்போதோ யூபிஎஸ் மாற்றும்போதோ கேபிளைக் கழற்றி வேறு ஓட்டையில் செருகியிருப்பார்கள். பழைய ஓட்டையிலேயே செருகிப் பாருங்க, வந்துவிடும்.

இனி எழுதுபவர்களுக்கு. ஒரு மஞ்சள் குடோனில் இரண்டு தராசு. ஒன்றில் விரலி போடுவார்கள், மற்றதில் கிழங்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி மலிவுக் கன்வெர்ட்டர், உள்ளே சிஹெச்340 சில்லு. இரண்டின் கேபிளும் இடம் மாறினால் விரலியின் எடை கிழங்கின் கணக்கில் ஏறும். எண்கள் ஒழுங்காகத்தான் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. எடை வராமல் போவதைவிட இது பல மடங்கு மோசம்.

சாதனத்தின் இன்ஸ்டன்ஸ் ஐடியை, அதாவது மாட்டிய ஒவ்வொரு சாதனத்துக்கும் விண்டோஸ் வைக்கும் தனி அடையாளத்தை, எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். சிஹெச்340-க்கு அது இப்படி இருக்கும்:

யூஎஸ்பி\விஐடி_1ஏ86&பிஐடி_7523\5&2சி62ஈ4&0&3

முதல் துண்டு, எந்த வழியாக வந்தது என்பது. நடுத் துண்டில் தயாரிப்பாளர் எண்ணும் (விஐடி) பொருள் எண்ணும் (பிஐடி). உலகத்தில் உள்ள சிஹெச்340 கன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் துண்டு ஒன்றுதான். மூன்றாவது துண்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் இரண்டாவது எழுத்து '&' என்றால், சாதனத்திடம் சொந்த வரிசை எண் இல்லை, அது செருகியிருக்கும் இடத்தை வைத்து விண்டோஸே ஒன்றை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். ஓட்டை மாறினால் இந்தத் துண்டு மாறும். துண்டு மாறினால் விண்டோஸுக்கு அது புதுச் சாதனம், புது காம் எண்.

எஃப்டிடிஐ சில்லு வைத்த கன்வெர்ட்டரில் விஐடி 0403, பிஐடி பெரும்பாலும் 6001, கூடவே வரிசை எண்ணும் இருக்கும். எந்த ஓட்டையில் செருகினாலும் அதே எண், அதே காம். அங்கே ஒரு சின்ன விநோதம் உண்டு. அந்த டிரைவர் தனக்கென்று எஃப்டிடிஐபஸ் என்ற வழியை வைத்திருக்கிறது. அதில் விஐடிக்கும் பிஐடிக்கும் நடுவில் '&' இல்லாமல் '+' இருக்கும், வரிசை எண்ணின் கடைசியில் 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். '&' வைத்துப் பிரித்தெடுக்கும் நிரல் இங்கே தடுக்கி விழும்.

ஆகவே எங்கள் முறை இது. காம் எண்ணை எங்கும் சேமிப்பதில்லை. வரிசை எண் இருந்தால் விஐடி, பிஐடி, வரிசை எண் மூன்றையும் சேமிப்போம். இல்லாவிட்டால் விஐடி, பிஐடியோடு சாதனம் செருகியிருக்கும் இடத்தின் பாதையை. அது எஸ்பிடிஆர்பி-லொகேஷன்-பாத்ஸ் என்ற பண்பில் கிடைக்கும். பிசிஐ வேரிலிருந்து யூஎஸ்பி ஓட்டை வரை படிப்படியாக எழுதியிருக்கும். அப்படிச் செய்த இடத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'விரலி', 'கிழங்கு' என்று எழுதி வைத்துவிட்டுத்தான் வருவோம். சேமித்த இடத்தில் சாதனம் இல்லை, வேறு இடத்தில் அதே விஐடி, பிஐடியோடு ஒன்று இருக்கிறது என்றால், நிரல் தானாக எடுத்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்: 'தராசில் ஒரு மூட்டையை வைத்து, எந்த எடை மாறுகிறது என்று பாருங்கள்.' குடோன் ஆட்களுக்கு அது உடனே புரிகிறது.

புதிதாக வாங்குபவர்கள் வரிசை எண் உள்ள கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குவது நல்லது. விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள்.

டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயரிலேயே அடைப்புக்குள் காம்7 என்று இருக்கிறதே, அதையே வெட்டி எடுத்தால் என்ன?

பாதி இணையம் அப்படித்தான் செய்கிறது. அந்தப் பெயர் டிரைவர் எழுதியவர் விருப்பத்துக்கு வைத்தது. சில டிரைவர்கள் அடைப்புக்குறியே போடுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் எண்ணை மாற்றும்போது பெயர் எப்போதும் சேர்ந்து மாறும் என்றும் நம்ப முடியாது. செட்டப்-டிஐ-ஓபன்-டெவ்-ரெக்-கீ ஃபங்ஷனை டிஐரெக்-டெவ் என்று கொடுத்துக் கூப்பிட்டு, உள்ளே போர்ட்-நேம் என்ற மதிப்பைப் படி. எண் 10 அல்லது அதற்கு மேல் என்றால் திறக்கும்போது முன்னால் '\\.\' சேர்க்க வேண்டும். எப்போதுமே சேர்த்துவிடு, காம்1-க்கும் அது வேலை செய்யும்.

பண்பைக் கேட்கும்போது 13 என்று பிழை வந்தால் பதற வேண்டாம். அந்தச் சாதனத்துக்கு அப்படியொரு பண்பு இல்லை, அவ்வளவுதான். ஹார்ட்வேர் ஐடி கேட்டால் ஒரே சரமாக வராது, பல சரங்கள் வரும். ஒவ்வொன்றும் ஒரு பூஜ்யத்தில் முடியும், மொத்தமும் இன்னொரு பூஜ்யத்தில் முடியும். முதல் சரத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் போதும்.

3758096949 மாதிரி பெரிய எண் பிழையாக வருகிறது. தேடினால் எங்கேயும் இல்லை.

3758096-இல் தொடங்கும் எண் எல்லாம் செட்டப்-ஏபிஐயின் சொந்தப் பிழைகள். பதினாறடிமானத்துக்கு மாற்றினால் 'ஈ0000' என்று தொடங்கும். வழக்கமான பிழைப் பட்டியலில் இவை இல்லை, செட்டப்ஏபிஐ டாட் ஹெச் கோப்பில்தான் இருக்கின்றன. நீ கேட்ட எண் அங்கே எரர்-இன்-வாவ்64: 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரலை வைத்துக்கொண்டு சாதனத்தை நிறுவவோ முடக்கவோ முயன்றிருக்கிறாய். பட்டியலிட 32 பிட் போதும், மாற்ற 64 பிட் வேண்டும்.

சிஎம் என்று தொடங்கும் ஃபங்ஷன்களோ கெட்-லாஸ்ட்-எரரைத் தொடுவதே இல்லை. திரும்பி வரும் எண்ணே விடை, பூஜ்யம் என்றால் வெற்றி. செட்டப்-டிஐயில் பூஜ்யம் என்றால் தோல்வி. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து எழுதும்போது கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும்.

கேபிள் செருகியதும் நிரலுக்குத் தெரிய வேண்டும். நொடிக்கொரு முறை பட்டியல் எடுக்கலாமா?

எடுக்கலாம். சின்னக் கடைக்கு அது கெட்ட யோசனையும் இல்லை. ஆனால் விண்டோஸே சொல்லும். ஜன்னல் உள்ள நிரலுக்கு டபிள்யூஎம்-டிவைஸ்சேஞ்ச் செய்தி வரும். ஒரே கேபிளுக்குப் பல முறை வரும், அதனால் வந்ததும் பாயாமல் ஓரிரு நொடி அமைதியான பிறகு ஒரு முறை பட்டியல் எடு. ஜன்னல் இல்லாத சேவை நிரலுக்கு விண்டோஸ் 8 முதல் சிஎம்-ரெஜிஸ்டர்-நோட்டிஃபிகேஷன் இருக்கிறது. அதன் கால்பேக்கிற்குள் (சேதி வந்ததும் விண்டோஸ் கூப்பிடும் நம் ஃபங்ஷன்) இருந்தே சிஎம்-அன்ரெஜிஸ்டர்-நோட்டிஃபிகேஷனைக் கூப்பிடாதே. ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியட்டும் என்று அது காத்திருக்கும், கால்பேக் அது திரும்பட்டும் என்று காத்திருக்கும், நிரல் அங்கேயே உறைந்துவிடும்.

லேபிள் பிரிண்டர் பட்டியல் எடுக்கும்போது நிரல் அரை நிமிடம் தொங்குகிறது.

திருப்பூரில் இதைக் கேட்காத யூனிட் குறைவு. அட்டைப்பெட்டி ஒட்டும் மேசையில் பத்துப் பேர் நிற்பார்கள், திரை அசையாது. ஈனம்-பிரிண்டர்ஸில் 'லெவல்' என்று ஒரு எண் கேட்கும். எல்லாரும் எங்கிருந்தோ நகலெடுத்து 2 என்று போடுகிறார்கள். லெவல் 2 ஒவ்வொரு பிரிண்டரின் முழு விவரத்தையும் கேட்கப் போகும். நெட்வொர்க்கில் அணைந்து கிடக்கும் பிரிண்டர் ஒன்று இருந்தால் அதற்கும் காத்திருக்கும். பெயர் மட்டும் போதுமென்றால் லெவல் 4. அது ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து உடனே திரும்பிவிடும். இந்த வித்தியாசம் ஆவணத்தில் இருக்கிறது, ரிமார்க்ஸில், யாரும் உருட்டிப் போகாத ஆழத்தில்.

இங்கேயும் முதல் அழைப்பு 122 தரும். வரும் பெயர்கள் எல்லாம் அந்த ஒரே பஃபரின் பின்பகுதியில் கிடக்கின்றன, ஸ்ட்ரக்சரில் இருப்பவை அவற்றைச் சுட்டும் பாயிண்டர்கள்தான். பஃபரை விடுவித்துவிட்டுப் பெயரைப் படித்தால் பிரிண்டர் பெயருக்குப் பதில் குப்பை வரும். அதுவும் எப்போதாவதுதான் வரும், அதனால் கண்டுபிடிப்பது தொல்லை.

மைக் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது.

பழைய வேவ்-இன் ஃபங்ஷன்களில் பெயருக்கு 32 எழுத்து இடம்தான், கடைசிப் பூஜ்யம் போக 31. அதில் ஒன்றும் செய்ய முடியாது. முழுப் பெயர் வேண்டுமென்றால் புதிய ஆடியோ இடைமுகத்துக்குப் போக வேண்டும்.

லினக்ஸில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

யார் சொன்னது தம்பி! அங்கே தொல்லையின் முகம் வேறு. சின்ன யூனிட்டுகளில் ராஸ்பெர்ரி பை வைத்து எடை எடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்பவை கண்டுபிடித்த வரிசையில் வைத்த எண்கள். மறுபடி பூட் செய்தால் மாறலாம். டெவ் கோப்புறைக்குள் சீரியல் என்று ஒன்று இருக்கும், அதில் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு. வரிசை எண் உள்ள கன்வெர்ட்டருக்கு பை-ஐடி. வரிசை எண் இல்லாத ஒரே மாதிரி இரண்டு மாட்டினால் இரண்டும் ஒரே பெயருக்கு அடித்துக்கொள்ளும், பை-ஐடியில் ஒன்றுதான் தெரியும். அப்போது பை-பாத். விண்டோஸில் சொன்ன அதே விரலி, கிழங்குப் பிரச்சினைதான்.

உபுண்டு 22.04-இல் சிஹெச்340 செருகியதும் ஒரு நொடி தெரிந்து மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற தொகுப்பு அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கணினியில் பிரெய்ல் கருவி இல்லையென்றால் தொகுப்பை நீக்கிவிடலாம்.

லினக்ஸில் சாதனப் பட்டியல் தரும் நூலகங்களில் ஒன்றான லிப்-யூடெவ்வில் பட்டியல் எடுத்தால் ஒவ்வொரு உருப்படியின் 'நேம்' என்பதில் வருவது சாதனத்தின் பெயர் இல்லை, சிஸ் கோப்புறையில் அதன் பாதை. அந்தச் சரம் பட்டியலுக்குச் சொந்தம். பட்டியலை விடுவித்தால் சரமும் போய்விடும், வேண்டுமென்றால் நகலெடுத்து வை. யூஎஸ்பி சாதனங்களுக்கான லிப்-யூஎஸ்பி நூலகத்திலோ, கெட்-டிவைஸ்-லிஸ்ட் எண்ணிக்கையைத் திருப்பித் தரும், எதிர்ம எண் என்றால் பிழை. ஃப்ரீ-டிவைஸ்-லிஸ்ட்டின் இரண்டாவது பாராமீட்டராக 1 கொடுத்தால் சாதனங்களின் மீதான பிடியையும் விட்டுவிடும். அதற்கு முன்பே வேண்டிய சாதனத்தைத் திறந்திருக்க வேண்டும், அல்லது தனியாக ஒரு பிடி போட்டிருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் என்னென்ன சோதிப்பது?

மேசையில் ஒரே மாதிரி இரண்டு கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். ஒன்றை வைத்துச் சோதித்தால் அடையாளப் பிழை எதுவும் வெளியே வராது. இரண்டையும் மாட்டி, இடம் மாற்றி, ஒன்றைப் பிடுங்கி, ஹப் வழியாகச் செருகி, கணினியைத் தூங்கப் போட்டு எழுப்பிப் பார். 32 பிட், 64 பிட் இரண்டிலும் கம்பைல் செய். பெயரைத் தமிழில் வைத்த ஒரு பிரிண்டரையும் சேர்த்து வை, ஆன்சி ஃபங்ஷனைத் தெரியாமல் கூப்பிட்டிருந்தால் கேள்விக்குறியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிரலோடு ஒரு 'பட்டியலைச் சேமி' பொத்தானும் வை. இன்ஸ்டன்ஸ் ஐடி, போர்ட்-நேம், ஹார்ட்வேர் ஐடி, இடப் பாதை, ஒவ்வொரு அழைப்பும் தந்த பிழை எண் எல்லாம் ஒரு கோப்பில் விழ வேண்டும். கரூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு 'எடை வரலைங்க' என்றால், பொத்தானை அழுத்தி அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பாதி நாள் பஸ் ஏற வேண்டிய வேலை இருக்காது.